தொழிலியல் பயிற்சி: நகலெடுக்கும் வேலை மட்டும்தானா?

பொலிடெக்னிக் மாணவர்கள் டிப்ளோமா பெற, ஒரு நிறுவனத்தில் தொழிலியல் பயிற்சியை முடித்தாக வேண்டும். மலாயில் இது 'லத்தீஹான் இண்டஸ்திரி'. ஜொகூரில் பாசிர் கூடாங்கில் உள்ள இப்ராஹிம் சுல்தான் பொலிடெக்னிக், மெர்சிங் பொலிடெக்னிக் மாணவர்களுக்கும் இதே விதிதான். பெற்றோர் சிலர் நினைப்பதுபோல் இது விடுமுறைக்கால வேலையல்ல. இதற்குப் புள்ளிகள் உண்டு; தேறாமல் டிப்ளோமா கிடைக்காது.

அன்றாடம் செய்த வேலையை மாணவர் 'புக்கு லோக்' எனும் குறிப்பேட்டில் எழுதி, நிறுவன மேற்பார்வையாளரின் கையெழுத்தைப் பெற வேண்டும். "நகலெடுத்தேன்" என்றே பக்கங்கள் நிரம்பினால் விரிவுரையாளர் எதை மதிப்பிடுவார்?

அலுவலகத்திற்குச் செல்பவருக்கு முதல் வாரங்களில் கோப்பு அடுக்கும் வேலைதான் பெரும்பாலும் கிடைக்கும். சலிப்பாக இருக்கும். ஆனால், அலுவலகம் எப்படி இயங்குகிறது என்பது அங்கேதான் புரியும். அரசாங்கக் கடிதத்தின் மேற்பகுதியில் 'ருஜுக்கான் கமி' என்ற எண் இருக்கும். கடிதம் எந்தக் கோப்பிற்கு உரியது என்பதை அந்த எண்ணே காட்டும். இதைப் பழகியவருக்கு, கடிதங்களின் பதிவை எக்செல்லில் தேதிவாரியாக வரிசைப்படுத்துவதும், தேவையானதை மட்டும் வடிகட்டி எடுப்பதும் சிரமமாக இருக்காது.

குளுவாங், சிகாமட் வட்டாரத் தோட்டப்புறப் பிள்ளைகளுக்கு அறை வாடகையும் பேருந்துக் கட்டணமும் உண்மையான சுமை. அதனாலேயே சிலர் வீட்டருகே கிடைத்த கடையோடு நின்றுவிடுகிறார்கள். இடத்தை ஒப்புக்கொள்ளும் முன்பே அலவன்ஸ் எவ்வளவு, எந்தப் பிரிவில் வேலை, கணினி தரப்படுமா என்று நிறுவனத்திடம் கேட்டுவிடலாம். பல வாரங்களாகியும் கணினியைத் தொட வாய்ப்பில்லையென்றால் மேற்பார்வை விரிவுரையாளரை உடனே அழைத்துச் சொல்லலாம். அவர் பார்வையிட வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.