டால்ஸ்டாய்ப் பண்ணையில் இல்லறம்

இல்லறத்தார்க்குப் பொருள் வேண்டற்பாலதே. எத்துணைப் பொருள் அமையும் என்பதே வினா. தனியொருவர் தம்மளவில் உடைமை துறத்தல் எளிது. மனைவியும் மக்களும் உடனுறையும் மனையில் அத்துறவு யார் விருப்பால் நிகழ்வது? இதனை ஆராய்வார்க்குத் தென்னாப்பிரிக்காவில் நிகழ்ந்த செய்தியொன்று பெரிதும் துணைபுரியும்.

டிரான்ஸ்வாலில் இந்தியரை இழிவுபடுத்திய பதிவுச் சட்டத்தை எதிர்த்துக் காந்தியடிகளோடு சிறை புகுந்தாருள் தமிழர் பலர். அவர்தம் குடும்பங்கட்குத் திங்கள்தோறும் பணம் வழங்கப்பட்டு வந்தது. நிதி சுருங்கியது, இன்னார்க்கு இவ்வளவு என்று அளந்து கொடுத்தலும் அரிதாயிற்று. அந்நிலையில் ஹெர்மன் காலன்பாக் என்னும் கட்டடக்கலைஞர், ஜோகன்னஸ்பர்க்குக்கு 21 மைல் தொலைவில் 1,100 ஏக்கர் நிலம் வாங்கி, 1910-ஆம் ஆண்டில் வாடகையின்றி அவர்கட்கு அளித்தார். அதுவே டால்ஸ்டாய்ப் பண்ணை.

ஆண்டு ஏவலாளர் இலர், அடுக்களை ஒன்றே. கோதுமையைக் கைத்திரிகையில் அரைத்தனர். வறுத்த கோதுமையே காப்பிக்கொட்டையாயிற்று. பலகை, பெட்டி முதலியவற்றைத் தாமே செய்துகொண்டனர். துறவிமடமொன்றிற் சென்று காலன்பாக் கற்றுவந்த செருப்புத் தைக்கும் தொழிலைப் பிறரும் பயின்றனர். உடையோ சிறையாளர் உடையை ஒத்த முரட்டு நீலத் துணி. சொந்த அலுவலாக நகர் செல்வார் இருளிலேயே புறப்பட்டு நடந்தனர்.

பிள்ளைகட்கு அடிகளே ஆசிரியர். பாடநூல்களை அவர் பெரிதும் நாடவில்லை. ஆசிரியர் செய்யாத வேலையை மாணாக்கர்க்கு இடுவதில்லை என்பது ஆண்டைய விதி. ஆண்டுப் பிறந்த தமிழ்ச் சிறார் தாய்மொழியின் எழுத்தறியாதிருந்தனர். அவர்கட்கு எழுத்தும் இலக்கணத் தொடக்கமும் கற்பித்தவர் குசராத்தியரான அடிகள்! அவர் தமிழ் கற்றதோ போப்பையரின் கைந்நூல் கொண்டு. திருவாசகத்தை 1900-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட அப்பெரியார் இதனை அறிந்திருப்பின் எத்துணை மகிழ்ந்திருப்பார்! ஆங்கிலமறியாத் தமிழர் வந்தபோது, பேச்சில் தம்மினும் வல்ல அம்மாணாக்கரையே அடிகள் மொழிபெயர்க்க வைத்துக்கொண்டார்.

ஈண்டு நாம் ஊன்றி நோக்கற்பாலது ஒன்றுண்டு. கிறித்தவரும் முகமதியரும் அப்பண்ணையில் இருந்தமையின், புலாலுணவு பற்றி அடிகள் தாமே முடிவு செய்துவிடவில்லை. தாய்மார்களைக் கேட்டு, அவர் மனமுவந்து இசைந்த பின்னரே மரக்கறி உணவு பொதுவாயிற்று. கேட்டுப் பெற்ற எளிமை ஆதலின் அது சுமையாகவில்லை என்பது எம் கருத்து.

தம் மனையில் அடிகள் எப்பொழுதும் அவ்வாறு ஒழுகினார் என்றல் இயலாது. 1901-இல் அன்பர்கள் பரிசளித்த நகைகளைப் பொதுநலத்திற்கு ஒப்படைக்க அவர் துணிந்தபோது, வரப்போகும் மருமகளிர்க்கு என் செய்வது என்று கஸ்தூரிபாய் அம்மையார் கண்ணீரோடு வழக்காடினர். அடிகள் மைந்தரை முன்னரே தம்பக்கம் சேர்த்துக்கொண்டிருந்தார்; அம்மையார் தனித்து நின்று இசையவேண்டியதாயிற்று. அடிகள்பால் பெருமதிப்புடையேமாயினும், அம்மையார் கேட்டது நேரிய கேள்வியே என்போம். மூத்த மைந்தர் ஹரிலாலோ துன்பத்திற்கு அஞ்சுபவரல்லர். அவ்வறப்போரில் பன்முறை சிறை சென்றவர். அவர் வேண்டியது பள்ளிக்கல்வி ஒன்றே. பண்ணை நடைபெற்றுக்கொண்டிருந்த 1911-ஆம் ஆண்டில், அதனை நாடித் தந்தையைப் பிரிந்து இந்தியாவுக்குக் கப்பலேறினார்.