மேடையும் மெய்ப்பாடும்

நாடகம் முடிந்து வெளியே வருவோர், "நடிப்பு இயற்கையாக இருந்தது" என்றோ, "நம்பும்படியாக இல்லை" என்றோ தீர்ப்புச் சொல்வதுண்டு. அந்த இயற்கை யாருடைய இயற்கை? எவருடைய வாழ்வை அளவுகோலாகக் கொண்டு அத்தீர்ப்பு வழங்கப்படுகிறது? இதனை ஆராய்வதற்குக் கோலார் தங்க வயலைக் காட்டிலும் தக்க இடம் இல்லை என்பது என் துணிபு.

1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் அங்கே சுரங்கத் தொழிலை மேற்கொண்ட பின்னர், தமிழ்க் குடும்பங்கள் பல்லாயிரக்கணக்கில் குடியேறின. அவர்களுள் மிகப் பலர் வட ஆற்காட்டுப் பக்கத்தினர். வட ஆற்காடோ தெருக்கூத்து செழித்த நிலம். அங்கிருந்து வந்தவர்கள் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் விடிய விடிய நடக்கும் பாரதக் கூத்தை அறியாதவர்களாய் இருந்திருக்க முடியாது.

அக்கூத்தில் துகிலுரியும் காட்சியை நினைத்துப் பாருங்கள். துச்சாதனன் வேடம் புனைந்தவர் திரௌபதியின் சேலையைத் தொடுமுன் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டு, "தாயே, பொறுத்தருள்" என வேண்டிக்கொள்வது வழக்கம். வேடம் அங்கே வெளிப்படையாகக் கலைகிறது. ஆயினும் அவையோரின் நம்பிக்கை கலைவதில்லை. அடுத்த கணமே அவர்கள் நடுங்குகிறார்கள். கட்டியக்காரன் இடையிடையே கேலி பேசினாலும் அந்நடுக்கம் குறைவதில்லை. உண்மையைப் போலவே தோன்றுவதுதான் நடிப்பு என்னும் கொள்கை இங்கே பொருந்தாது.

அக்கொள்கைக்குத் தமிழில் இடந்தேடித் தந்தவர்களுள் முதல்வர் பம்மல் சம்பந்த முதலியார். 1891-இல் பல்லாரியிலிருந்து சென்னைக்கு வந்த ஒரு குழுவின் நாடகங்களைக் கண்டு உள்ளம் மாறிய அவர், அவ்வாண்டிலேயே சுகுண விலாச சபையை நிறுவினார். அப்போது அவருக்கு வயது 18. பாட்டைக் குறைத்து உரைநடைப் பேச்சைப் பெருக்கினார். இரவெல்லாம் நீண்ட நாடகத்தைச் சில மணி நேரத்துக்குள் அடக்கினார். கற்றோர் மேடையேறுவது இழிவன்று என்று காட்டியது அவர் செய்த பெருந்தொண்டு. ஆனால் அவர் வழிவந்த நாகரிக ரசிகர் ஒரு கட்சியைப் பிடித்துக்கொண்டனர்: துயரத்தின் உச்சியில் ஒருவர் பாடுவது இயற்கைக்கு மாறானது என்பதே அது.

சங்கரதாச சுவாமிகள் (1867-1922) மரபில் வந்த நாடகங்களை அவர்கள் எள்ளியதற்கும் இதுவே காரணம். மகனைப் பாம்புக்குப் பறிகொடுத்த சந்திரமதி மயானத்தில் ராகம் இழுத்துப் பாடலாமா என்று கேட்டார்கள்.

இவ்வினாவைத் தங்க வயலுக்குக் கொண்டு செல்வோம். அங்கே சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3,000 மீட்டருக்கும் அதிகமான ஆழத்துக்கு இறங்கியது. அவ்வாழத்தில் அழுத்தம் தாங்காத பாறை திடீரென வெடித்துச் சிதறும்; கீழே இறங்கியவர் மேலே வருவார் என்பது உறுதியன்று. சாவு விழுந்த வீட்டில் நம் பெண்கள் என்ன செய்தார்கள்? மாரடித்து ஒப்பாரி பாடினார்கள். இறந்தவனின் குணத்தையும், தன் கதியையும், பிள்ளைகளின் பசியையும் மெட்டோடு சொல்லி அழுதார்கள். அழுகை என்னும் மெய்ப்பாட்டுக்குரிய நிலைக்களன்களுள் தொல்காப்பியர் 'இழவு' என்பதையும் வைத்தார். இழவு வீட்டில் பாட்டுப் பிறப்பதை இன்றும் காண்கிறோம். அத்தகைய மக்களுக்குச் சந்திரமதியின் பாட்டு செயற்கையாகத் தோன்றியிருக்குமா? பாடாமல் நின்று இரண்டு வாக்கியம் பேசியிருந்தாலன்றோ, "இவள் பெற்ற தாயா?" என்று கேட்டிருப்பார்கள்!

பாட்டெல்லாம் நல்ல நடிப்பு என்று கூறவில்லை. கைதட்டலுக்காக ஒரே அடியைப் பத்து முறை திருப்பும் நடிகர், மடியில் கிடக்கும் பிள்ளையை மறந்து தம் குரலைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அது பொய். அப்பொய் பாட்டால் வந்ததன்று. கவனம் சிதறியதால் வந்தது. வேடப் பொருத்தமும் இதற்கு அடுத்தபடிதான். டி. கே. சண்முகம் ஆண்மகன், முதியவரும் அல்லர். அவர் ஔவையாராக வந்தபோது மக்கள் ஏற்றுக்கொண்டது மட்டுமன்று, 'ஔவை' என்பதை அவர் பெயரோடு சேர்த்தும் விட்டார்கள்.

தங்கச் சுரங்கங்கள் 2001-இல் மூடப்பட்டன. அங்குள்ளோர் பலர் நாள்தோறும் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று திரும்புகின்றனர். அந்நகரிலோ வேறு எங்கேனுமோ அரிச்சந்திர நாடகம் காண வாய்த்தால், சந்திரமதி பாடும்போது அவளை விட்டுவிட்டு அரிச்சந்திரனைப் பாருங்கள். அவன் வெட்டியான், சுடுகாட்டுக் கூலியான கால் பணத்தையும் முழத்துண்டையும் கேட்டாக வேண்டும். எதிரே நிற்பவள் தன் மனைவி, கிடப்பவன் தன் மகன் என்று தெரிந்த பின்னும் கேட்டாக வேண்டும். அந்தக் கால் பணத்தைக் கேட்கும் குரலில் பாட்டில்லை, வசனமும் அதிகமில்லை. நடிகர் அதை எப்படிக் கேட்கிறார் என்று கவனியுங்கள்.