மினசோட்டாவில் ஒரு டிரம் தெப்பம்



சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை அமெரிக்காவிலிருந்து போன். 1977-இல் திருச்சியில் என்னிடம் பதினோராம் வகுப்பு படித்த மாணவன். "மாணவன்" என்கிறேன், அவனுக்கே இப்போது 64 வயது. பணி ஓய்வு பெற்று மினசோட்டா மாநிலத்தில் மகன் வீட்டில் இருக்கிறான். பெயர் போட்டால் கூச்சப்படுவான், அதனால் போடவில்லை.

"சார், பையனும் பேரனும் சேர்ந்து வீட்டிலேயே ஒரு படகு கட்டப் போறாங்க. காலி டிரம்முங்களை வச்சு, மேலே பலகை அடிச்சு, கூடாரம் போட்டு ராத்தங்கி மீன் பிடிக்கணுமாம். நம்ம டிரம் தெப்பம் ஞாபகம் இருக்கா சார்?"

எப்படி மறக்கும்? என் வகுப்பில் படித்த எல்லோரும் அந்தக் கதையைக் கேட்டிருப்பீர்கள். 1977 நவம்பர் புயல் மழையில் திருச்சிக்குள் வெள்ளம் புகுந்தபோது உறையூர்ப் பக்கம் நான் வாடகை அறையில் இருந்தேன். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம், வயது 25. பின்தெருவில் ஒரு பாட்டியம்மா பேத்தியோடு மொட்டை மாடியில் மாட்டிக்கொண்டார். நானும் மூன்று மாணவர்களும் நான்கு காலி தார் டிரம்களைக் கயிற்றால் பிணைத்து, கழற்றி வைத்திருந்த ஒரு பழைய இரட்டைக் கதவை மேலே கட்டி, மூங்கில் கழியோடு கிளம்பினோம். ஐம்பது கஜம் போவதற்குள் தெப்பம் கவிழ்ந்தது. இவன்தான் கயிற்றில் கால் சிக்கி அடியில் மாட்டிக்கொண்டான். காவிரிக் கரையிலிருந்து வந்த ஒரு பரிசல்காரர் குதித்து இவனை இழுத்துப் போட்டார். பாட்டியையும் பேத்தியையும் அவரே கரை சேர்த்தார். "வெள்ளத்தின் வேகம் அப்படி" என்று நான் கதையை முடிப்பேன். நீங்களும் வாயைப் பிளந்து கேட்பீர்கள்.

அந்தக் கதையில் நான் இத்தனை வருடமாக விட்டுவிட்ட ஒரு பகுதி உண்டு. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. ஆனால் வரலாற்று வாத்தியார் நேராக விஷயத்துக்கு வந்ததாகச் சரித்திரம் இல்லை. கொஞ்சம் சுற்றி வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காற்று அடைத்த ஒன்றின் மேல் பலகை கட்டி மிதப்பது மனிதனின் மிகப் பழைய யோசனைகளில் ஒன்று. இன்றைய ஈராக்கில் டைகிரிஸ் ஆற்றில் "கெலெக்" என்றொரு தெப்பம் இருந்தது. ஆட்டுத்தோல்களை ஊதிக் கட்டி, அவற்றின் மேல் மரக்கட்டைகளை வரிசையாகப் பிணைப்பார்கள். ஆற்றோட்டத்தோடு சரக்குடன் இறங்குவார்கள். ஊர் வந்ததும் தெப்பத்தைப் பிரித்து மரத்தை விற்றுவிட்டு, காற்றிறக்கிய தோல்களைக் கழுதை மேல் ஏற்றிக்கொண்டு தரை வழியே திரும்புவார்கள். 1847-இல் ஆஸ்டன் ஹென்றி லேயார்டு நிம்ரூதில் தோண்டியெடுத்த, சிறகு முளைத்த பிரம்மாண்டமான காளைச் சிலையும் சிங்கச் சிலையும் இப்படிப்பட்ட தோல் தெப்பங்களில்தான் பாஸ்ரா துறைமுகம் வரை போயின. அவை இன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் நிற்கின்றன. டன் கணக்கான கல்லைத் தாங்கியது ஆட்டுத்தோலும் காற்றும்!

அடுத்தது பாரசீக மன்னன் செர்க்ஸஸ். ஒன்பதாம் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். கி.மு. 480-இல் கிரேக்கத்தின் மேல் படையெடுக்க, ஆசியாவையும் ஐரோப்பாவையும் பிரிக்கும் நீரிணையில் (இன்று டார்டனெல்ஸ்) பாலம் கட்டச் சொன்னான். முதல் பாலத்தைப் புயல் அடித்துக்கொண்டு போய்விட்டது. மன்னன் என்ன செய்தான்? கடலுக்கு 300 சவுக்கடி கொடுக்கச் சொன்னான், தண்ணீருக்குள் விலங்கை எறியச் சொன்னான், பாலம் கட்டியவர்களின் தலையை வெட்டச் சொன்னான் என்று ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். பிறகு வந்தவர்கள் கப்பல்களை நெருக்கமாக நங்கூரமிட்டு, ஒரு பாலத்துக்கு 360, இன்னொன்றுக்கு 314 என்று வரிசையாக நிறுத்தி, பாப்பிரஸ் நாராலும் ஆளி நாராலும் திரித்த வடங்களை இழுத்துக் கட்டி, மேலே பலகையும் மண்ணும் பரப்பினார்கள். அந்தப் பாலத்தில் படை கடந்தது. தப்பு நடந்தால் தண்ணீரை அடிப்பது மனித சுபாவம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் நாட்டில் பெரிய உதாரணம் கல்கத்தா. இன்றைய ஹாவ்ரா பாலம் 1943-இல் வந்தது. அதற்கு முன் ஹூக்ளி ஆற்றின் மேல் இருந்தது மிதவைப் பாலம். சர் பிராட்ஃபோர்டு லெஸ்லி வடிவமைத்தது, நீளம் 1,528 அடி, 1874-இல் திறந்தார்கள். கப்பல் வரும்போது நடுவே 200 அடியைக் கழற்றி வழிவிடுவார்கள். கட்டிக்கொண்டிருக்கும்போதே, அந்த ஆண்டு மார்ச்சில், புயலில் கட்டு அறுந்த எஜீரியா என்ற நீராவிக் கப்பல் வந்து மோதி மூன்று மிதவைகள் மூழ்கின. மற்ற மிதவைகள் நின்றன. மிதவையைத் தனித்தனியாக வைப்பதன் நன்மை அதுதான்: ஒன்று ஓட்டையானால் மற்றது தாங்கும். பிரயாக்ராஜ் கும்பமேளாவில் இன்றும் கங்கையின் மேல் இந்த முறைதான். 2025-இல் அங்கே 30 மிதவைப் பாலங்கள் போட்டிருந்தார்கள்.

நம் தமிழுக்கும் இதில் பங்கு உண்டு. புணை, மிதவை, தெப்பம், தோணி, ஓடம், பரிசல் என்று எத்தனை சொற்கள்! கணியன் பூங்குன்றனாரின் புறப்பாட்டை எல்லோரும் முதல் வரியோடு நிறுத்திவிடுகிறோம். உள்ளே போனால் ஆற்று வெள்ளத்தில் போகும் ஒரு புணைதான் அந்தப் பாட்டின் உயிரான உவமை. சோழமண்டலக் கரையில் கட்டுமரத்தைப் பார்த்த ஆங்கில மாலுமி வில்லியம் டாம்பியர், 1697-இல் வெளிவந்த தம் பயண நூலில் அந்தச் சொல்லையே எழுதினார். பின்னால் அது "கேட்டமரான்" ஆகி, இரண்டு உடல் கொண்ட படகுக்குப் பெயராகிவிட்டது. நம் கட்டுமரம் அது இல்லை, மரங்களைச் சேர்த்துக் கட்டியது. கரைக்கு வந்ததும் அவிழ்த்துக் காயப்போடுவார்கள், தண்ணீர் குடித்த மரம் கனக்கும் என்பதால்.

இப்போது டிரம்முக்கு வருவோம். 72 நாளில் உலகைச் சுற்றிவந்த பத்திரிகையாளர் நெல்லி பிளையை உங்களுக்குத் தெரியும். கணவர் இறந்தபின் அவருடைய இரும்புச் சாமான் தொழிற்சாலையை அவர்தான் நடத்தினார். அங்கே வேலை பார்த்த ஹென்றி வேர்ஹான் 1905-இல் எஃகுப் பீப்பாய்க்குக் காப்புரிமை பெற்றார். நாம் பார்க்கும் 55 காலன் டிரம்முக்கு அது முன்னோடி. இரண்டாம் உலகப் போரில் எரிபொருள் சுமந்து அது உலகம் முழுக்கப் போயிற்று.

அந்த டிரம்மைப் படகாக்கியவர் யார் தெரியுமா? என் மாணவன் இப்போது இருக்கும் அதே மினசோட்டாவில், ரிச்மண்ட் என்ற சிற்றூரைச் சேர்ந்த ஆம்புரோஸ் வீரெஸ் என்ற விவசாயி. 1950-களின் தொடக்கத்தில் எஃகு டிரம்களை முனையோடு முனை சேர்த்துப் பற்றவைத்து இரண்டு நீண்ட வரிசைகளாக்கி, மேலே மரத்தளம் போட்டு ஏரியில் இறக்கினார். அது பிடித்துப்போய் ஆர்டர் வர, கம்பெனியே தொடங்கினார். இன்று அமெரிக்க ஏரிகளில் குடும்பம் குடும்பமாகப் போகும் "பான்டூன்" படகுக்கு அதுதான் தொடக்கம். பத்து ஏக்கருக்கு மேற்பட்ட ஏரிகளே 11,842 உள்ள மாநிலம் அது. அங்கே பிறக்காமல் வேறு எங்கே பிறக்கும்?

வீரெஸ் டிரம்களை எங்கே வைத்தார் என்று கவனித்தீர்களா? இரண்டு ஓரங்களிலும். நடுவில் வெற்றிடம்.

இதே விஷயத்தை நம் கோயில்களில் தெப்பம் கட்டுகிறவர்கள் நன்றாக அறிவார்கள். காலி டிரம்களை வரிசையாக அடுக்கி, மரச்சட்டம் போட்டுக் கயிற்றால் பிணைத்து, அதன்மேல் உயரமாக மண்டபம் எழுப்பி, சாமியையும் குருக்களையும் மேளக்காரர்களையும் ஏற்றிக் குளத்தைச் சுற்றி இழுத்து வருகிறார்கள். அத்தனை உயரம் ஆடாமல் நிற்பதற்குக் காரணம் அடியில் உள்ள அகலம்தான்.

விட்டுப்போன பகுதி இதுதான். 1977-இல் அந்தக் கதவை நாங்கள் கட்டும்போது இவன் சொன்னான்: "சார், டிரம்மை ரெண்டு ஓரத்திலயும் வைக்கலாம் சார். எங்க மாமா கோயில் தெப்பம் கட்டுறவரு, அப்படித்தான் கட்டுவாரு." நான் கேட்கவில்லை. "நடுவுல சேர்த்துக் கட்டினாத்தான்டா பலம்" என்றேன். வாத்தியார் சொன்னால் அதற்கு மேல் பேச்சு ஏது? நான்கையும் நடுவில் நெருக்கிக் கட்டினோம். சுவரைப் பிடிக்க எல்லோரும் ஒரு பக்கம் எட்டினோம். மறுநொடி தெப்பம் தலைகீழ். அந்தத் தெருவில் வெள்ளத்துக்குப் பெரிய வேகமும் இல்லை. தண்ணீர் தேங்கித்தான் நின்றது.

30 வருடம் வகுப்பில் வெள்ளத்தைத்தான் குற்றம் சொன்னேன். செர்க்ஸஸ் கடலைச் சவுக்கால் அடித்ததைச் சொல்லி உங்களைச் சிரிக்க வைத்த அதே வகுப்பில். இவன் ஒரு நாளும் என்னைத் திருத்தவில்லை. அவன் அம்மாவிடம்கூட "கால் வழுக்கி விழுந்துட்டேன்" என்றுதான் சொல்லியிருக்கிறான்.

போனில் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அதை விடுங்க சார். பேரனை இதுல ஏத்தலாமா, அதைச் சொல்லுங்க" என்றான். அவன் பயம் எனக்குப் புரிந்தது.

அதனால் இந்த முறை கணக்கோடு உட்கார்ந்தேன். எங்கள் பள்ளியில் இயற்பியல் நடத்திய நண்பரையும் கூட வைத்துக்கொண்டேன். அவர்கள் திட்டம் 16 அடி நீளம், 8 அடி அகலம், 8 பிளாஸ்டிக் டிரம்.

ஒரு டிரம் 208 லிட்டர். முழுதாக மூழ்கினால் 208 கிலோவைத் தாங்கும். ஆனால் பாதிக்கு மேல் மூழ்க விடக்கூடாது, மீதிப் பாதிதான் ஆபத்துக்கான சேமிப்பு. எட்டு டிரம்முக்கு அந்தப் பாதி சுமார் 830 கிலோ. சுமையைப் பாருங்கள்: தளத்துக்கு நான்கு பிளைவுட் 125, சட்டங்கள் 120, டிரம்களின் சொந்த எடை 80, மோட்டாரும் பேட்டரியும் 80, நான்கு பேர் 300, கூடாரம், ஐஸ் பெட்டி, தண்ணீர், சாப்பாடு 100. ஆக மொத்தம் 805. பாதிக்கு மயிரிழை குறைவு. மழையில் நனைந்த பலகையும் கூடாரமும் அதைத் தின்றுவிடும். அதனால் பத்து டிரம், ஒரு பக்கத்துக்கு ஐந்து. 16 அடி நீளத்துக்கு ஐந்து சரியாகப் பொருந்தும். இப்போது தாங்கும் பாதி 1,040, சுமை 825.

அடுத்தது இடம். பத்தையும் நடுவில் ஒட்டி வைப்பதற்கும் ஓரங்களில் பிரித்து வைப்பதற்கும் சாய்வைத் தாங்கும் வலுவில் எவ்வளவு வித்தியாசம் என்று நண்பர் கணக்குப் போட்டார். டிரம் அதேதான், சுமையும் அதேதான். வித்தியாசம் ஏழு மடங்கு! காகிதத்தைப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

மற்றவை சின்ன விஷயங்கள். மூடி மேல்பக்கம் இருக்க வேண்டும், இறுக்கமாக இருக்க வேண்டும். உள்ளே தண்ணீர் புகுந்தால் அது சாயும் பக்கமே ஓடி இன்னும் சாய்க்கும். டிரம்மில் முன்பு என்ன இருந்தது என்று தெரியாமல் வாங்கக்கூடாது. ஐஸ் பெட்டியும் பேட்டரியும் நடுவில், தாழ்வாக. தூண்டிலில் மீன் மாட்டியதும் நான்கு பேரும் ஒரே பக்கம் ஓடக்கூடாது, இதைப் பேரனுக்கு முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அடுப்பு கரையில்தான், கூடாரத்துக்குள் இல்லை. முதல் நாள் ஆள் ஏறாமல், மணல் மூட்டை ஏற்றி இடுப்பளவு தண்ணீரில் நிறுத்திப் பார்க்க வேண்டும். வீட்டில் கட்டிய படகையும் அங்கே பதிவு செய்ய வேண்டும். ஆளுக்கொரு உயிர்காக்கும் உடுப்பு கட்டாயம். பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் படகு நகரும்போது அதைப் போட்டே இருக்க வேண்டும் என்பது அந்த மாநிலச் சட்டம். தாத்தாவும் போட வேண்டும் என்பது என் சட்டம்.

எல்லாவற்றையும் எழுதிப் படம் எடுத்து அனுப்பினேன். ராத்திரி பதில் வந்தது: "சார், பையன் வரைஞ்ச படத்துலயும் ஓரத்துலதான் இருக்கு. நான் முதல் நாளே சொல்லிட்டேன்."

ஆமாம்டா, நீ முதல் நாளே சொன்னாய். 1977-லேயே சொன்னாய். அன்று உன் பேச்சைக் கேட்காததற்கு, அன்று கூட இருந்த இருவரும் படிக்கும் இந்த இடத்திலேயே உன்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

பேரனுக்கு என் ஆசிகள். மணல் மூட்டைச் சோதனை முடிந்ததும் படம் அனுப்பு.  உங்கள் ஊர்க் கோயில் தெப்பம் கட்டுகிறவர்களை யாருக்காவது தெரிந்தால், அவர்கள் டிரம் அடுக்கும் முறையைக் கேட்டுக் கீழே எழுதுங்கள். நான் கேட்டுக்கொள்கிறேன்.