வேண்டுதலும் பந்தியும்

நாகூர் தர்காவின் பெரிய மினாராவைக் கட்டியவர் ஓர் இந்து அரசர் என்ற தகவலை எந்த மேடையில் சொன்னாலும் கைதட்டல் கிடைக்கும். தஞ்சை மராட்டியரான பிரதாபசிம்மன் (ஆட்சி 1739-1763) கட்டுவித்தது. உயரம் 131 அடி. பிள்ளை வரம் வேண்டிப் பெற்றதற்கான காணிக்கை என்பது ஐதீகம். அடுத்து வேளாங்கண்ணியில் மொட்டை போட்டுக்கொள்ளும் இந்துக்கள் வருவார்கள். பிறகு ஸ்வார்ட்ஸ் பாதிரியாரின் மரணப் படுக்கையருகே ஸர்போஜி நிற்கும் சலவைக்கல் சிற்பம். கடைசியில் 'மத நல்லிணக்கம்' என்ற சொல் வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளும்.

பட்டியலில் பொய் ஏதுமில்லை. சொல்தான் சந்தேகத்துக்குரியதாக இருக்கிறது. முழுமையான, எல்லை போட்ட இரண்டு மதங்கள் முதலில் இருந்தன, பிறகு அவை ஒன்றோடொன்று சமாதானம் செய்துகொண்டன என்று இந்தச் சொல் நம்மை நினைக்க வைக்கிறது. நாகூருக்குப் போகிற வேதாரண்யத்துக்காரன் இஸ்லாத்தோடு இணக்கம் கொள்ளப் போவதில்லை. குழந்தைக்குக் காய்ச்சல் விடவில்லை, போகிறான். இஸ்லாம் என்ன சொல்கிறது என்று அவனிடம் கேட்டால் விழிப்பான். தன் மதம் என்ன சொல்கிறது என்று கேட்டாலும் அதே மாதிரிதான் விழிப்பான்.

காவிரிக் கடைமடையில் வழிபாடு என்பது பெரும்பாலும் வேண்டுதலாகவே இருந்து வந்திருக்கிறது. ஷாகுல் ஹமீது ஆண்டவருக்குச் செலுத்தும் தகட்டில் கை, கால், கண், வீடு, படகு எல்லாம் உண்டு. மாதாவுக்குச் செலுத்தும் வெள்ளித் தகட்டிலும் அவையே. மாரியம்மனுக்கும் அவையே. தகட்டுக் கால் எந்தச் சந்நிதிக்குப் போகிறது என்பது வாங்குகிறவனின் அவஸ்தையைப் பொறுத்தது. முடி இறக்குவதும் தொட்டில் கட்டுவதும் கொடியேற்றத்தன்று விரதம் தொடங்குவதும் இங்கே யாருக்கும் தனிச் சொத்தல்ல. பதினான்கு நாள் கந்தூரியில் நாகப்பட்டினத்திலிருந்து சந்தனக்கூடு வருகிறது. ஆகஸ்ட் 29இல் வேளாங்கண்ணியில் கொடி ஏறி, செப்டம்பர் 8இல் முடிவதற்குள் தேர் வருகிறது. சாலையில் நடந்து வரும் காவி வேட்டிக் கூட்டத்தைப் பார்த்து எந்த ஊர் யாத்திரை என்று உடனே சொல்லிவிட முடியாது. வங்கியில் நகைக்கடன் மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவனுக்கு இன்னொரு காட்சியும் கிடைக்கிறது. மூக்குத்தியைக்கூடக் கழற்றி வைத்துவிடுகிற பெண், மஞ்சள் துணியில் முடிந்த ஒற்றை நாணயத்தை மட்டும் எடுத்துத் திரும்ப இடுப்பில் செருகிக்கொள்வாள். அது யாருக்கு என்று கேட்கும் வழக்கமில்லை.

தஞ்சாவூரை அடுத்த காசவளநாடு புதூரில் இந்துக்கள் மொஹரம் கொண்டாடுகிறார்கள். விரதமிருந்து, உள்ளங்கை உருவத்தை 'அல்லா சாமி' என்று தெருவில் எடுத்து வந்து, தீ மிதிக்கிறார்கள். கர்பலாவின் துயரம் தீமிதியில் வந்து சேர்ந்த வழியை ஒரு நாவலாசிரியன்கூடக் கற்பனை செய்துவிட முடியாது. இதைக் கலப்பு என்று சொல்வதுகூட வெளியிலிருந்து பார்க்கிறவனின் மொழி. மிதிக்கிறவனுக்கு அது அவன் ஊர்ச் சாமி.

அரசர்கள் விஷயம் வேறு. அங்கே வேண்டுதலோடு கணக்கும் இருந்தது. நாகப்பட்டினம் 1658 முதல் டச்சுக்காரரிடம். தரங்கம்பாடி 1620 முதல் டென்மார்க்கிடம். காரைக்கால் 1739இல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போயிற்று. தஞ்சை அரசருக்கென்று மிஞ்சிய முக்கியமான துறைமுகம் நாகூர். அதன் கப்பல்கள் மரக்காயர்களுடையவை. அந்தத் துறையில், கடலில் வருகிறவன் முதலில் காணும்படி 131 அடியில் ஒரு கோபுரம் எழுப்புவது பக்தியும் ராஜதந்திரமும் சேர்ந்த காரியம். தென்னிந்திய முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள் பற்றி சூசன் பெய்லி 1989இல் வெளியிட்ட நூல் இதைப் பொதுவில் விளக்குகிறது: சக்தியுள்ள ஸ்தலத்துக்குக் கொடை கொடுப்பது அரசனுக்கு அரசாட்சியின் ஒரு பகுதி. அந்தச் சக்தி எந்த மதத்தினுடையது என்பது இரண்டாம்பட்சம்.

ஸர்போஜியின் நிலைமை இன்னும் நுட்பமானது. தத்துப்பிள்ளையான அவருக்குக் காவலாக நின்றவர் ஸ்வார்ட்ஸ். 1798இல் ஸ்வார்ட்ஸ் இறந்தார். அதே ஆண்டு ஸர்போஜி பட்டத்துக்கு வந்தார். 1799 உடன்படிக்கையில் கோட்டை தவிர மற்ற எல்லாவற்றையும் கும்பினியிடம் கொடுத்துவிட்டார். நாடற்ற அந்த அரசர் லண்டன் சிற்பி ப்ளாக்ஸ்மனிடம் பாதிரியாருக்கு நினைவுச் சின்னம் செய்யச் சொல்கிறார். பெரிய கோயில் சுவரில் தன் குலவரலாற்றை 1803இல் மராட்டியில் வெட்டுவிக்கிறார். இரண்டும் ஒரே கோட்டைக்குள். இரண்டிலும் உண்மையான அன்பு இருந்திருக்கலாம், நான் மறுக்கவில்லை. ஆனால் வயல் கையைவிட்டுப் போன பிறகு ஓர் அரசனுக்கு மிஞ்சுவது கொடை கொடுக்கும் உரிமை ஒன்றுதான்.

இதெல்லாம் மேலிருந்து பார்ப்பது. கீழிருந்து பார்த்தால் வாசல்கள் தெரிகின்றன. தஞ்சைப் பெரிய கோயில் தாழ்த்தப்பட்டவர்களுக்குத் திறந்தது 1939இல். அதுவரை இந்த நெல் நாட்டின் பண்ணையாளுக்கு, தன் சேரிச் சாமியைத் தவிர, தானே உள்ளே போய்க் கும்பிடக்கூடிய பெரிய சந்நிதி எது? தர்காவின் வாசலில் ஜாதி கேட்பதில்லை. நாகூர் ஆண்டவரின் இந்து பக்தர் கூட்டத்தைப் பற்றிப் பரவசப்படுகிறவர்கள், அந்தக் கூட்டத்தில் எத்தனை பேருக்கு வேறு வாசல் இருந்தது என்று ஒருமுறை யோசிக்கலாம். நாம் சகிப்புத்தன்மை என்று கொண்டாடும் ஒன்றில் ஒரு பங்கு, துரத்தப்பட்டவர்கள் கண்டுபிடித்துக்கொண்ட நிழல்.

வேண்டுதலில் ஒருவன் தனியாக நிற்கிறான். சிக்கல் பந்தியில் ஆரம்பிக்கிறது. பக்கத்தில் யார், ஒரே பாத்திரத்தில் யார் யார் என்ற கேள்வி அங்கேதான் வரும். கிறிஸ்தவத்துக்கு இந்த நெருக்கடி தர்காவைவிடக் கூடுதல், ஏனென்றால் அதன் நடுச் சடங்கே ஒரு பந்தி. தமிழ் வேதாகமம் அதைக் 'கர்த்தருடைய போஜனபந்தி' என்றே சொல்கிறது. சொல்லைத் தேர்ந்தவர்களுக்கு அதன் கனம் தெரிந்துதான் இருக்க வேண்டும்.

தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1706இல் வந்து இறங்கினார். அவர் இந்த மண்ணுக்குக் கொண்டுவந்த புதுமை அச்சு இயந்திரம் மட்டுமல்ல, ஒரு கேள்வி: நீங்கள் என்ன நம்புகிறீர்கள்? எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை, என்ன ஜாதி என்று கேட்டுப் பழகிய இடத்தில் இது விநோதமான கேள்வி. தமிழர்களுக்குக் கடிதம் எழுதிக் கேட்டு, வந்த பதில்களை மொழிபெயர்த்து ஜெர்மனிக்கு அனுப்பினார். 1713இல் தென்னிந்திய தெய்வங்களின் வம்சாவளி பற்றி ஒரு நூலே எழுதினார். ஹாலே நகரத்துப் பெரியவர்களுக்கு அது பிடிக்கவில்லை. அஞ்ஞானத்தை ஒழிக்க அனுப்பினோம், ஐரோப்பாவில் பரப்ப அல்ல என்ற தோரணையில் கைப்பிரதி மூலையில் போடப்பட்டது. 1867இல்தான் சென்னையில் அச்சேறியது. ஐந்தாறு வருஷத்துக்குள் 1871-72 குடிமதிப்பு வந்து, அந்தக் கேள்வியை அச்சடித்த படிவத்தில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் கேட்க ஆரம்பித்தது. ஒரு கட்டத்தில் ஒரே ஒரு மதம். காசவளநாடு புதூர்க்காரர்கள் அன்றே இந்துக்கள் ஆனார்கள்.

சீகன்பால்குவின் சபை நம்பிக்கையைக் கேட்டது, பந்தியைத் தொடவில்லை. தரங்கம்பாடிக் கோயிலில் சூத்திரர் தனி, பறையர் தனி. இதன் விலையைக் கொடுத்தவர்களில் ஒருவர் ராஜநாயக்கன். தஞ்சை அரசரின் படைவீரர், பறையர், கத்தோலிக்கராக இருந்து லுத்தரன் சபைக்கு வந்தவர். தஞ்சைப் பகுதியில் சபையைத் தன் காலால் நடந்து வளர்த்த உபதேசியார். குருப்பட்டம் கொடுக்கும் பேச்சு வந்தபோது அவர் பெயரும் வந்தது. அவர் கையால் வேளாளர்கள் நற்கருணை வாங்கமாட்டார்கள் என்று பாதிரிமார் தயங்கினார்கள். 1733இல் பட்டம் ஆரோனுக்குப் போயிற்று, அவர் வேளாளர். முதல் தமிழ் புராட்டஸ்டண்டு குருவின் பெயரைச் சபை வரலாறுகள் பெருமையோடு சொல்கின்றன. பட்டம் கிடைக்காமல் போனவரின் பெயரையும் அந்த வரியிலேயே சேர்த்து எழுதினால் வரலாறு கொஞ்சம் முழுமையாகும்.

நூறு வருஷம் கழித்து இந்தத் தயக்கம் ஒரு புத்தகமாகவே வந்தது. எழுதியவர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774-1864). பாளையங்கோட்டை வேளாளக் குடும்பம். சிறுவனாக ஸ்வார்ட்ஸோடு தஞ்சைக்கு வந்தவர். ஸர்போஜியின் ஆதரவு பெற்றவர். 'பெத்லகேம் குறவஞ்சி'யைப் படித்தவர்கள் அவரைச் சாதாரணப் புலவர் என்று சொல்லமாட்டார்கள். அதே அரண்மனைச் சூழலில், சரபேந்திர பூபாலன் மேல் குறவஞ்சி பெரிய கோயிலில் ஆடப்பட்டது. ஸர்போஜி பெயரில் வழங்கும் மராட்டிக் குறவஞ்சியில் குறத்தி பூகோளம் சொல்கிறாள். சாஸ்திரியாரின் குறத்தி கிறிஸ்துவைச் சொல்வதோடு, கோபர்நிகஸின் வானத்தையும் கொண்டுவருகிறாள். ஒரே வடிவம் மூன்று உலகங்களைத் தாங்கியது. நம் இலக்கிய வரலாற்றாசிரியர்கள் சிற்றிலக்கியம் என்று ஒரு பத்தியில் முடித்துவிடுகிற இந்த இடத்தில் உண்மையான நவீனத்துவ முயற்சி ஒன்று இருந்தது.

அதே மனிதர் 1829இல் 'ஜாதிதிருத்தலின் பயித்தியம்' எழுதினார். புதிதாக வந்த பாதிரிமார் மேல் அவருக்கு நாலு வழக்கு. பப்ரிஷியஸின் பழைய வேதாகம மொழிபெயர்ப்பை மாற்றுகிறார்கள். கல்யாணத்திலும் சாவிலும் பூவைத் தடுக்கிறார்கள். ஆராதனையில் தமிழ்ப் பாட்டையும் வாத்தியத்தையும் விலக்குகிறார்கள். நற்கருணையில் ஜாதிகளைக் கலக்கச் சொல்கிறார்கள். நாலையும் ஒரே மூச்சில் கொடுமை என்கிறார். முதல் மூன்றுக்கும் நான் அவர் பக்கம். மொழிபெயர்ப்பின் ஓசை பழகிய காதைச் சீர்திருத்தம் என்ற பெயரில் அறுப்பது கொடுமைதான். பூவும் பாட்டும் இல்லாத சாமி தஞ்சாவூரில் யாருக்கு வேண்டும்? ஆனால் நாலாவதை அவரிடமிருந்து பிரித்தெடுக்க முடியவில்லை. பூ எங்கள் வழக்கம், பாட்டு எங்கள் வழக்கம், தள்ளி உட்காருவதும் எங்கள் வழக்கம். அவருக்கு இது ஒரே தர்க்கம். 'நம் மண்ணின் பண்பாடு' என்று பேச ஆரம்பிக்கிற எவரும் இந்தத் தர்க்கத்தின் நாலாவது படிக்குக் கீழே போகாமல் நிற்பது எப்படி என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. எதிர்த்தரப்பும் சௌகரியமாக இல்லை. 1833இல் ஜாதி வித்தியாசம் முற்றாக, உடனே ஒழிய வேண்டும் என்று பிஷப் டேனியல் வில்ஸன் கட்டளையிட்டார். தஞ்சை வேளாளக் கிறிஸ்தவர்கள் பலர் சபையை விட்டு வெளியேறினார்கள். வில்ஸன் கேட்டது நியாயம். கேட்ட குரல் ஆளும் ஜாதியின் குரல்; அது பூவையும் பாட்டையும் அஞ்ஞானம் என்று பார்த்த அதே மனோபாவத்தோடு சேர்ந்து வந்தது. நியாயமும் இங்கிதமும் எதிரெதிர்ப் பக்கங்களில் நின்றுவிட்டன. சாஸ்திரியாரின் கீர்த்தனைகள் இன்றும் தேவாலயங்களில் பாடப்படுகின்றன. அந்தப் புத்தகத்தை யாரும் மறுபடி பேச விரும்புவதில்லை. இரண்டும் ஒரே மனத்திலிருந்து வந்தவை.

கத்தோலிக்கர் நிலை இதைவிட மேல் அல்ல. தனி இருக்கையும் தனிக் கல்லறையும் தமிழ்நாட்டில் பல பங்குகளில் நெடுங்காலம் இருந்தன. வேளாங்கண்ணி 1962இல் பசிலிக்கா ஆயிற்று. அங்கே வேண்டுதலோடு வருகிறவனை யாரும் தடுப்பதில்லை. அவன் ஊர் திரும்பிய பிறகு எந்தப் பக்கம் உட்காருவான், எங்கே புதைக்கப்படுவான் என்பது வேறு விஷயம். தர்கா வழிபாட்டுக்கு நெருக்கடி இன்னொரு திசையிலிருந்து வந்தது. 1980களிலிருந்து தௌஹீத் இயக்கத்தினர், கபுறில் வேண்டுவது ஏகத்துவத்துக்கு விரோதம் என்றார்கள். அவர்களுடைய பள்ளிவாசல் வரிசையில் தோளோடு தோள் நிற்கலாம். தகட்டுக் கால் கொண்டுவந்தவனுக்கு அங்கே வேலை இல்லை. சீகன்பால்குவின் கேள்விதான், வேறு வேதத்திலிருந்து.

1968 டிசம்பர் 25 இரவு, நாகூருக்கும் வேளாங்கண்ணிக்கும் அதிக தூரமில்லாத கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், எல்லோரும் தலித்துகள். தகராறு கூலி நெல் பற்றியது, செங்கொடிச் சங்கத்தைப் பற்றியது. நிலச்சுவான்தார்களும் செத்தவர்களும் குடிமதிப்புப் படிவத்தில் ஒரே கட்டம். கீழ்க்கோர்ட்டில் தண்டனை பெற்ற நிலச்சுவான்தார்களை உயர்நீதிமன்றம் விடுவித்தது. இந்த டெல்டாவில் நடந்த பெருங்கொடுமைக்கு நேரே 'மத நல்லிணக்கம்' என்ற சொல்லை வைத்துப் பார்த்தால் அது எதையும் தொடாமல் மேலே போய்விடுகிறது. 1975இல் 'குருதிப்புனல்' வந்தபோது இந்திரா பார்த்தசாரதி அந்தக் கொலையின் வேரைப் பண்ணையாரின் ஆண்மைக் குறையில் தேடியது பற்றிச் சண்டை நடந்தது. அந்தச் சண்டை அவசியமானதாகவே இருந்தது.

2004 டிசம்பர் 26 காலை கடல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், வேளாங்கண்ணிக் கடற்கரையில் வெளியூர் யாத்ரீகர்கள் நிறைந்திருந்தார்கள். யாரென்று தெரியாத உடல்களைப் பெருங்குழிகளில் சேர்த்துப் புதைத்தார்கள். எந்த மதத்து முறையில் என்று பார்க்க நேரமும் இல்லை, அடையாளமும் இல்லை. அதே வாரம் நாகப்பட்டினம் மாவட்ட நிவாரண முகாம்களில் தலித்துகளைச் சேர்த்துக்கொள்ள மற்றவர்கள் மறுத்ததையும், தண்ணீரும் அரிசியும் அவர்களுக்குத் தள்ளி வைத்துக் கொடுக்கப்பட்டதையும் மனித உரிமை அமைப்புகள் இடம் குறித்து எழுதி வைத்திருக்கின்றன.