சித்திரப்படமும் தோட்டத்துச் சிறுபராயமும்

கார்ட்டூன் எனப்படும் சித்திரப்படம் சிறுவர்க்கே உரியது, அதனை விரும்பும் வளர்ந்தோர் முதிர்ச்சியற்றோர் என்னும் கருத்து எம்மிடையே வேரூன்றியுள்ளது. வரலாறு இதற்கு இடந்தரவில்லை. 1908இல் எமீல் கோல் பிரான்சில் ஆக்கிய படமும், 1928இல் வெளிவந்த மிக்கி மவுஸ் படமும் திரையரங்குகளில் எல்லா வயதினர்க்குமே காட்டப்பட்டன. 1960களில் அமெரிக்கத் தொலைக்காட்சி இத்தகைய படங்களைச் சனிக்கிழமைக் காலைக்கு ஒதுக்கி, விளையாட்டுப் பொருள் விளம்பரங்களோடு பிணைத்தபோதே அவை சிறுவர் பண்டமாயின. வயதெல்லையை வகுத்தது சந்தையே.

ஊவாத் தோட்டங்களுக்கு இவ்வெல்லை எவ்வளவு அந்நியமானது என்பதையே நாம் சுட்ட விரும்புகின்றோம். சிறுவர்க்கெனத் தனிக்கலை வேண்டுமாயின், உழைப்பினின்று விலக்கப்பட்ட சிறுபராயம் முதலில் வேண்டும். பதுளைத் தேயிலை மலைகளில் அது இருந்ததா? இந்தியத் தொழிலாளர்க்கான 1927ஆம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் ஆண், பெண், சிறுவர் என மூவர்க்கும் நாட்சம்பளம் வகுத்தது. செக்ரோலில் பெயர் பதியப்பட்டு, பிரட்டுக்களத்தில் பெரியோரோடு நின்ற பிள்ளை, மாசியில் காமன் கூத்துத் தொடங்கியதும் அவர்களோடு ஒரே திடலில் அமர்ந்தது. மன்மதன் எரிவதை இரு தலைமுறையும் ஒருங்கே கண்டன. (காமனின் கதை சிறுவர்க்கு ஆகாதென விலக்கப்படவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது.)

பிற்காலத்திலும் இதற்குச் சான்றுண்டு. 1982இல் ரூபவாஹினி தொடங்கியபின், டைட்டஸ் தொட்டவத்த அயல்நாட்டுச் சித்திரப்படங்களைச் சிங்களப் பேச்சுவழக்கிற் பெயர்த்தபோது பெரியோரும் அவற்றை விரும்பிப் பார்த்தனர். சிரிப்பின் உயிர் அவ்வழக்கிலேயே இருந்தது. லயத்துத் தமிழ்ப் பிள்ளைக்கும் பெற்றாருக்கும் அது பிறமொழியிலேயே வந்து சேர்ந்தது.