போக்கிமான் பேர்ல்: மூலமும் மீளாக்கமும்

போக்கிமான் டயமண்ட், போக்கிமான் பேர்ல் என்பவை ஜப்பானின் கேம் ஃபிரீக் நிறுவனம் உருவாக்கிய இரட்டை நிகழ்பட ஆட்டங்கள் ஆகும். நிண்டெண்டோ டிஎஸ் என்னும் கைக்கருவிக்காக இவை 2006 செப்டம்பர் 28 அன்று ஜப்பானில் வெளிவந்தன. பதினைந்து ஆண்டுகள் கழித்து, 2021 நவம்பர் 19 அன்று, பிரில்லியண்ட் டயமண்ட், ஷைனிங் பேர்ல் என்னும் பெயர்களில் நிண்டெண்டோ ஸ்விட்ச் கருவிக்காக இவற்றின் மீளாக்கங்கள் வந்தன. பழைய ஆட்டத்துக்கும் புதிய ஆட்டத்துக்கும் உள்ள உள்ளடக்க வேறுபாடுகளையும் அவற்றின் வரலாற்றுப் பொருளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

பின்னணி

போக்கிமான் தொடர் 1996 பிப்ரவரி 27 அன்று ஜப்பானில் தொடங்கியது. விந்தை உயிரினங்களைப் பிடித்து, பழக்கி, பிறருடைய உயிரினங்களோடு மோத விடுவதும் பரிமாறிக்கொள்வதும் இதன் அடிப்படை. ஒவ்வொரு முறையும் இரண்டு பதிப்புகள் வெளிவரும். கதை ஒன்றே, கிடைக்கும் உயிரினங்களில் சில மட்டும் மாறும். எனவே முழுத் தொகுப்பும் வேண்டுவோர் மற்றவரோடு பரிமாறியே ஆகவேண்டும்.

டயமண்டும் பேர்லும் தொடரின் நான்காம் தலைமுறையைச் சேர்ந்தவை. ஹொக்கைடோ தீவை முன்மாதிரியாகக் கொண்ட சின்னோ என்னும் நிலப்பகுதியில் கதை நடக்கிறது. இவற்றோடு 107 புதிய உயிரினங்கள் சேர்ந்து மொத்த எண்ணிக்கை 493 ஆயிற்று. 2008இல் வந்த பிளாட்டினம் இவற்றின் விரிவாக்கப் பதிப்பு.

மூல ஆட்டத்தை இயக்கியவர் ஜூனிச்சி மசுடா. மீளாக்கத்தை உருவாக்கியது இல்கா என்னும் வேறு நிறுவனம். அதை மசுடாவும் யூயிச்சி உவேடாவும் இணைந்து இயக்கினர்.

முத்து என்னும் பெயர்

பேர்ல் என்றால் முத்து. ஆட்டத்தின் முதன்மைத் தொன்ம உயிரினமான பால்கியாவின் தோள்களில் முத்துகள் பதிந்துள்ளன. 2002 முதல் தொடரில் இருந்துவரும் கிளாம்பேர்ல் என்பது முத்துடைய சிப்பி.

தூத்துக்குடிக் கரையினருக்கு முத்தில் இருவகை உண்டென்பது தெரிந்ததே. திரேஸ்புரத்தில் சங்கு குளிப்போர் இன்றும் உள்ளனர். ஆனால் இக்கரையில் முத்துக்குளிப்பு 1961க்குப் பின் நடைபெறவில்லை. 1973இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் தூத்துக்குடியில் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டியது. சிப்பிக்குள் கரு ஒன்றை மனிதர் வைக்க, அதன்மேல் சிப்பி தன் பளபளப்பைப் பூசும். வளர்ப்பு முத்து போலி அன்று. ஆனால் கடலில் தானாக விளைந்த முத்தும் அன்று. எது எந்த வகை என்று சொல்லி விற்பதே நேர்மை. மீளாக்கம் பெற்ற ஆட்டத்துக்கும் இந்த அளவுகோல் பொருந்தும்.

மாறாதவை

மீளாக்கம் மூலத்தைப் பெரிதும் பின்பற்றுகிறது. ஊர்களின் அமைப்பு, பாதைகள், கதைப் போக்கு ஆகியவை ஏறத்தாழ அப்படியே உள்ளன. பழைய சிறு திரையில் மனித உருவங்கள் பெரிய தலையும் குறுகிய உடலுமாக இருந்தன. முப்பரிமாணத்துக்கு மாறிய பின்னும் நடமாடும் காட்சிகளில் அந்த வடிவம் காக்கப்பட்டது.

எளிதாக்கப்பட்டவை

மூலத்தில் மரம் வெட்ட, நீரைக் கடக்க, பாறை ஏற எட்டுச் சிறப்புத் திறன்கள் தேவைப்பட்டன. ஓர் உயிரினத்துக்கு நான்கு திறன்களே உண்டு என்பதால், பயணத்துக்காகப் போர்த்திறனை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. மீளாக்கத்தில் ஆட்டக்காரரின் கைக்கடிகாரம் ஒரு காட்டு உயிரினத்தை அழைத்து அந்த வேலையை முடித்துவிடும்.

மூலத்தில் அனுபவப் புள்ளிகளைப் பகிரும் கருவியை ஓர் உயிரினம் சுமக்க வேண்டும். மீளாக்கத்தில் புள்ளிகள் குழு முழுவதற்கும் தாமாகவே சேரும். அதை நிறுத்த வழியில்லை.

நீக்கப்பட்டவையும் மாற்றப்பட்டவையும்

வெயில்ஸ்டோன் நகரில் சூதாட்டப் பொறிகள் கொண்ட கூடம் ஒன்று மூலத்தில் இருந்தது. மீளாக்கத்தில் அங்கே துணிக்கடை உள்ளது. இம்மாற்றம் 2021இல் திடீரென வந்ததன்று. சிறுவர் ஆட்டங்களில் சூதாட்டம் குறித்த தர விதிகள் கடுமையானதால், பிளாட்டினத்தின் ஐரோப்பியப் பதிப்பிலேயே அப்பொறிகளை இயக்க முடியாதபடி செய்துவிட்டனர்.

நிலத்தடி உலகம் மூலத்தில் நண்பர்கள் அருகிருந்து ஆடுவதற்கான இடம். பொறி வைத்துச் சிக்கவைப்பதும், பிறர் மறைவிடத்தின் கொடியைக் கவர்ந்து ஓடுவதும் அங்கே விளையாட்டு. மீளாக்கத்தில் இவை இல்லை. மாறாக, காட்டு உயிரினங்கள் உலவும் குகைகள் சேர்க்கப்பட்டன. இதனால் ஒரு பழைய குறையும் நீங்கியது. மூலத்தில் தீ வகை உயிரினங்கள் மிகக் குறைவு. தீ வகை வல்லுநரான ஃபிளின்ட்டின் ஐந்து உயிரினங்களில் இரண்டுதான் தீ வகை. புதிய குகைகளில் தீ வகை உயிரினங்கள் பல கிடைக்கின்றன.

அழகுப் போட்டி மூலத்தில் ஒப்பனை, நடனம், நடிப்பு என மூன்று சுற்றுகளாக நடந்தது. மீளாக்கத்தில் இசைக்கேற்பப் பொத்தானை அழுத்தும் ஒரே நிகழ்ச்சியாயிற்று.

பழைய கேம் பாய் அட்வான்ஸ் அட்டைகளிலிருந்து உயிரினங்களைக் கொண்டுவரும் பூங்கா ஒன்று மூலத்தில் இருந்தது. ஸ்விட்ச்சில் அந்த அட்டைக்கு இடமில்லை. எனவே அங்கே தொன்ம உயிரினங்களைப் பிடிக்கும் ராமனாஸ் பூங்கா அமைந்தது. பிளாட்டினம் சேர்த்திருந்த சிதைவுலகப் பயணமும் போர்க்களத் தொகுதியும் மீளாக்கத்தில் இடம்பெறவில்லை.

பிற்கால விதிகளும் உள்ளே வந்தன. 2013இல் அறிமுகமான தேவதை வகை 2006இல் இல்லை. ஆகவே அன்று இயல்பு, பறவை வகைகளுக்கு உரியதாக இருந்த டோகெகிஸ், மீளாக்கத்தில் தேவதை, பறவை வகைகளுக்கு உரியது.

எது மூலம்?

ஓலைச்சுவடிகளைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் சுவடிக்குச் சுவடி வேறுபட்ட பாடங்களைக் குறித்துவைத்தார். ஆட்டங்களுக்கும் பாடபேதம் உண்டு. ஜப்பானில் முதலில் வெளிவந்த பதிப்பில் ஒரு வழு இருந்தது. நால்வர் குழுவின் அறை ஒன்றில் நீரே இல்லாத இடத்தில் நீந்தும் திறனைப் பயன்படுத்தி, வரைபடத்துக்கு வெளியே போய்விடலாம். பிற நாட்டுப் பதிப்புகளில் அது திருத்தப்பட்டது. ஆகவே மூலம் என்பதும் ஒன்றன்று.

மீளாக்கத்தில் இச்சிக்கல் இன்னும் பெரிது. வெளியீட்டையொட்டி 1.1.0 என்னும் இற்றைப்படுத்தல் வந்தது. ராமனாஸ் பூங்கா உள்ளிட்ட பல பகுதிகளுக்கு அது தேவை. அதாவது கடையில் வாங்கிய அட்டையில் மட்டும் முழு ஆட்டமும் இல்லை. எஞ்சியதை இணையம் வழியே பெறவேண்டும். இணையச் சேவை நிலையானதன்று என்பதற்கு மூல ஆட்டமே சான்று. உலகளாவிய பரிமாற்ற வசதியைத் தொடரில் முதலில் தந்தவை டயமண்டும் பேர்லும்தான். அதைத் தாங்கிய நிண்டெண்டோ வைஃபை சேவை 2014 மே 20 அன்று நிறுத்தப்பட்டது. ஆயினும் பழைய அட்டையைச் செருகினால் கதை முழுவதும் இன்றும் ஓடும். புதிய அட்டைக்கு அந்த உறுதி இல்லை.

மீளாக்கம் மூலத்தின் இடத்தை நிரப்பிவிடுவதில்லை. சூதாட்டக் கூடம் மறைந்தது காலத்தின் ஒழுக்கத்தையும், கொடி பறிக்கும் ஆட்டம் மறைந்தது கூடி ஆடும் முறையின் மாற்றத்தையும், எட்டுத் திறன்கள் மறைந்தது பொறுமையின் அளவையும் காட்டுகின்றன. இரண்டையும் அருகருகே வைத்தால்தான் இவை தெரியும். எனவே இவ்வாட்டங்களைப் பற்றி எழுதுவோர் பெயரோடு நிறுத்தாமல் ஆண்டு, நாடு, இற்றைப்படுத்தல் எண் ஆகியவற்றையும் குறிப்பது நன்று. பழைய அட்டை வைத்திருப்போர் அதைப் பழுதின்றிக் காப்பது அதனினும் நன்று.