கழுத்தை நெரித்தால் கிளம்பும்

மார்கழி விடியற்காலை. மயிலாப்பூர் மாட வீதியில் பஜனை கோஷ்டி போய்க்கொண்டிருக்கும். எங்கள் தெருவில் எதிர்வீட்டு மாமாவின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு, ‘ர்ர்ர்... ர்ர்ர்...’ என்று தன் பங்குக்குச் சுருதி சேர்க்கும். மாமா டாஷ்போர்டில் ஒரு குமிழைப் பிடித்து இழுப்பார். அதுதான் சோக். பதற்றத்தில் அதை முழுசாக இழுத்துவிட்டு செல்ஃபை அடித்துக்கொண்டே இருந்தால் போச்சு! பிளக் எல்லாம் நனைந்து தெருவே பெட்ரோல் வாசனை. “டேய் பசங்களா, கொஞ்சம் தள்ளுங்கடா!” நாங்கள் காத்திருந்ததே அதற்குத்தான்.

சோக் என்றால் மூச்சை நெரிப்பது. கார்புரேட்டரின் தொண்டையில் ஒரு சின்னத் தகடு. குமிழை இழுத்தால் மூடிக்கொள்ளும். காற்று குறைந்து பெட்ரோல் கூடும். ஜில்லென்றிருக்கும் இன்ஜினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது என்பதால், ஆரம்பத்தில் கொஞ்சம் தாராளமாகக் கொடுக்க வேண்டும். சூடேறியதும் குமிழை உள்ளே தள்ளிவிட வேண்டும். மறந்தால் கறுப்புப் புகை, மைலேஜ் காலி. சிலிண்டர் சுவரில் இருக்கிற ஆயிலையும் பெட்ரோல் கழுவிவிடும்.

ஹெரால்டு 1959-ல் இங்கிலாந்தில் பிறந்த கார். 1961-லிருந்து இங்கே வண்டலூர் பக்கம் தயாரானது. 948 சி.சி. அந்த ஊர்ப் பனிக்குச் செய்த குமிழ், 20 டிகிரிக்கே மஃப்ளர் தேடும் மெட்ராஸுக்கு வந்து சேர்ந்தது. இங்கே குளிரைவிட, தேய்ந்த இன்ஜினும் கிழட்டு பேட்டரியும்தான் அதற்கு வேலை வைத்தன. ஆனால் ஹெரால்டில் ஒரு சௌகரியம். பானெட், மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கம் கவிழும். மெக்கானிக் முன் டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு கார்புரேட்டரை டியூன் செய்வார். மீட்டரெல்லாம் கிடையாது, காதுதான்.

1983-ல் வந்த மாருதி 800-லும் சோக் இருந்தது. பிறகு ஏன் ஒழிந்தது? தள்ளுவதற்குப் பசங்கள் கிடைக்காததால் அல்ல. புகையால்!

நாங்கள் மூக்கை நீட்டி ரசித்த வாசனை, எரியாத பெட்ரோல். கூடவே புகையில் ஈயம். இன்ஜின் ‘நாக்’ அடிக்காமல் இருக்க 1920-களிலிருந்து பெட்ரோலில் ஈயம் கலந்தார்கள். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கிற சமாசாரம். வண்டியைத் தள்ளும்போது எங்கள் மூஞ்சி சரியாக சைலன்ஸருக்கு மேலே!

எம்.சி.மேத்தா என்ற வக்கீல், டெல்லியின் வாகனப் புகையை எதிர்த்து 1985-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். வழக்கு வருஷக்கணக்கில் நடந்தது. 1995-ல் சென்னை உள்பட நாலு பெருநகரங்களுக்கு ஈயமில்லாத பெட்ரோலும், புதுக் கார்களுக்கு கேட்டலிட்டிக் கன்வர்ட்டரும் வந்தன. இந்தக் கன்வர்ட்டர் ஒரு பத்தியக்காரர். ஈயம் ஆகாது. எடைக்கு எடை, ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற கணக்கு தப்பினாலும் சரியாக வேலை செய்ய மாட்டார். மாமா இழுக்கிற இழுப்புக்குத் தாங்குமா? நொடிக்கு நொடி கணக்குப் பார்க்க கம்ப்யூட்டர் வேண்டும், பெட்ரோலை அளந்து பீய்ச்ச இன்ஜெக்டர் வேண்டும். அமெரிக்காவில் ஃபோக்ஸ்வேகன் 1967-லேயே இதில் இறங்கியதற்கும் அங்கே வந்த புகைச் சட்டம்தான் காரணம்.

1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ வந்தது. குமிழே இல்லை. சின்ன கார் வாங்குகிறவர்கள் ‘எம்.பி.எஃப்.ஐ. உண்டா?’ என்று கேட்க ஆரம்பித்தார்கள். 2001-ல் சென்னைக்குப் புகை விதி இன்னும் இறுகியது. 2020-ல் பி.எஸ்.6 வந்தபோது பைக்குகளும் இன்ஜெக்‌ஷனுக்கு மாறின. உண்மையில் சோக்கின் வேலை எங்கும் போகவில்லை. இன்ஜின் சூட்டை சென்ஸார் சொல்ல, கம்ப்யூட்டரே கூட்டிக் கொடுத்து, கம்ப்யூட்டரே குறைத்துக்கொள்கிறது.

மாமாவின் பையன் அடையாறில் ஒரு சான்ட்ரோ வாங்கினான். மாமா உட்கார்ந்தார், சாவியைத் திருகினார். ‘ர்ர்ர்’ சத்தம் நீளவில்லையே என்று மறுபடி திருகினார். ‘கர்ர்ரக்!’ என்றது வண்டி.

“ஏன்டா, கிளம்பிடுத்தா?” என்றார் மாமா.